செத்த பிறகும் குணமானவர்

அத்தியாயம் 9

பதினேழாம் நம்பர் நோயாளி பிப்ரவரி நான்காம் தேதி இறந்துபோனார். அதற்குப் பிறகு மாதாமாதம் அவர் உடம்பு தேறிக்கொண்டே வந்தது.

வரலட்சுமி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தாள். இப்போது தனியாகத் துப்பறிகிறவள், அதற்கு முன் பதினாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் செத்தவர்களைத் தேடிப் போனவள் அவள். செத்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டுத் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஏழு பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். ஆனால் நிஜமாகவே செத்துப்போய், அதன் பிறகு தேறி வந்த ஆளை இதுவரை பார்த்ததில்லை.

"இன்னா மேடம், இந்த ஆளோட டாக்டர் யாரு? அட்ரஸ் வாங்கி வைங்க. எனுக்கு ஒதவும்" என்றான் ஞானதாஸ். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு பழைய ஆம்னி வேனுக்கும் வரலட்சுமிக்கும் சொந்த டிரைவர். ஐம்பது வயதாகியும் வாய்க்கு மட்டும் பிரேக் பிடிக்காது.

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் தெய்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. கேளம்பாக்கத்தில் இருந்த அந்தத் தனியார் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்தான் இயக்குநர். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த நாற்பது பேருக்கு ஒரு புது மாத்திரை கொடுத்து, மாதம் ஒரு முறை சிறுநீரை வாங்கிச் சோதிக்கிறார்கள். ஆரோக்கியமான ஆளுக்கு நூறு என்று வைத்துக்கொண்டு நோயாளிக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். எண் ஏறினால் நோய் கிளம்புகிறது, இறங்கினால் அடங்குகிறது என்று அர்த்தம்.

"பதினேழாம் நம்பருக்கு ஜனவரியில இருநூத்திப் பத்து. ஜூன்ல நூத்தி அஞ்சு. ஆனா மனுஷன் பிப்ரவரியிலேயே போயிட்டார். நேத்து அவரோட மச்சான் போன் பண்ணித் திட்டினப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

"மத்த முப்பத்தொன்பது பேரும்?"

"அவங்களுக்கும் ஏறக்குறையப் பாதியா இறங்கியிருக்கு. நாற்பது பேரை ஒரே அளவுல குணமாக்கற மாத்திரை உலகத்துலயே கிடையாது. இதை அளக்கற பொண்ணு பிரதீபா உட்கார்ந்து கால்குலேட்டர்ல போட்டிருக்கா. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கமிட்டி. அவளை வேலையை விட்டு அனுப்பிட்டு போலீஸ்ல புகார் கொடுக்கப் போறோம். அதுக்கு முன்னாடி, யார் சொல்லிச் செஞ்சான்னு எனக்குத் தெரியணும்."

"செஞ்சாளான்னு தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள் வரலட்சுமி.

தெய்வநாயகி நிமிர்ந்து நேரம் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டியது.

பிரதீபா சோதனைக்கூடத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தென்காசிப் பெண், இருபத்தாறு வயது. கேளம்பாக்கத்தில் மகளிர் விடுதி. இரவெல்லாம் அழுத முகம். கூட வேலை செய்கிற நான்கு பேர் அந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த அக்கறையான குனிதலைப் பார்த்து வரலட்சுமிக்கு எரிச்சல் வந்தது. வேலை போகப் போகிறவளிடம் பேசினால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

"என்னத்தம்மா அளக்கறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஆர்.என்.ஏ.வை மேடம். செல் தன்னோட வேலைக்கு எழுதிக்கற சீட்டு அது. நாலு எழுத்துலதான் எழுதும். எழுதின பிறகு சில எழுத்துகள்ல செல்லே ஒரு சின்ன மாற்றம் பண்ணும். சூடோயூரிடின்னு ஒண்ணு இருக்கு. சாதா யூரிடின் எழுத்துதான், எடைகூட அதேதான். சர்க்கரையோட ஒட்டியிருக்கற இடம் மட்டும் வேற. அந்த மாற்றம் இருந்தாத்தான் ஆர்.என்.ஏ. சரியா மடிஞ்சு உறுதியா நிக்கும்."

"சரி. அது எப்படி பாட்டிலுக்கு வருது?"

"ஆர்.என்.ஏ. பழசானா உடையும். சாதா எழுத்துகளை உடம்பு திரும்ப எடுத்துக் கோத்துக்கும். மாத்தின எழுத்துகள்ல பலதைத் திரும்பக் கோக்க அதுக்கு வழி கிடையாது. அப்படியே சிறுநீர்ல வெளியே அனுப்பிடும். நாங்க அந்த மாதிரி பன்னிரண்டு வகையை அளக்கறோம். செல்லுங்க கண்டபடி பெருகினா ஆர்.என்.ஏ. நிறைய உடையும். இந்த எழுத்துகளும் நிறைய வரும்."

"பழைய பேப்பர்காரன் எல்லாத்தையும் வாங்கினு போவான், கல்யாணப் பத்திரிகைய மட்டும் வாணாம்னுடுவான். அதுல ஜிகினா கீதுன்னு" என்றான் ஞானதாஸ்.

பிரதீபா ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள். "ஆமாண்ணா. அதேதான்."

"பதினேழாம் நம்பர்?" என்று வரலட்சுமி கேட்டதும் அந்த முகம் மூடிக்கொண்டது. "என் கைக்கு வந்த டியூபைத்தான் அளந்தேன் மேடம். ஒரு எண்ணைக்கூட நான் எழுதலை" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

இன்ஷூரன்ஸில் கற்ற பாடம் ஒன்று உண்டு. பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள். தரையைப் பார்ப்பவர்கள் பாதியைச் சொல்லாமல் விடுகிறவர்கள்.

"வண்டியை எடுங்க ஞானதாஸ். செத்தவர் வீட்டுக்குப் போவோம். பிப்ரவரிக்கு அப்புறம் அந்த வீட்டுலேருந்து பாட்டில் கொடுத்தது யாருன்னு பார்ப்போம்."

மதுராந்தகம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு மாடி வீடு. கதவைத் திறந்தவள் சின்னப்பொண்ணு, பதினேழாம் நம்பரின் மனைவி. கணவர் கலையரசன் நெல் லாரி புரோக்கர். வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. ஒரே ஒரு ஜோடி செருப்பு, அதுவும் வாசலுக்கு நேர் நடுவில். இன்னொருவர் இருக்கிற வீட்டில் செருப்பு அப்படிக் கிடக்காது. செங்கல்பட்டில் வரலட்சுமியின் செருப்பும் அப்படித்தான் கிடக்கும்.

"பாட்டிலா? அவரு போனப்பறம் யாரு குடுக்கறது? நா எங்க அக்கா வூட்டாண்ட போயி நாலு மாசம் இருந்துட்டு போன வாரந்தான் வந்தேன். வூடு பூட்டிதான் கெடந்துது."

"லேப்லேருந்து ஏதாவது தகவல் வந்துதாம்மா?"

சின்னப்பொண்ணு உள்ளே போய்க் கணவரின் போனை எடுத்து வந்தாள். முழுதாக சார்ஜ் ஏறியிருந்தது. மாதம் ஒரு குறுஞ்செய்தி, பதினாறாம் தேதி, தானாகவே வருவது. 'வணக்கம் திரு. கலையரசன். உங்கள் உடல்நிலை முன்னேறி வருகிறது. மாத்திரையைத் தொடரவும்.' இறந்த பிறகு ஐந்து முறை வந்திருந்தது.

"மொதல்ல வந்தப்போ போனைத் தூக்கி அடிக்கலாம்னு கோவம் வந்துச்சி. அப்பறம் இன்னாவோ, பதினாறாந்தேதி ஆனா எதிர்பார்க்க ஆரமிச்சிட்டேன். எங்கியோ நல்லாத்தான் கீறாருன்ற மாதிரி. எங்க அண்ணந்தான் பாத்துட்டு உங்களாண்ட சண்டை போட்டுச்சி."



"சாப்ட்டுப் போங்க. சோறு நெறய கீது" என்றாள் சின்னப்பொண்ணு. மறுத்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு வடித்த சோற்றை மூன்று பேருக்குப் போட்டும் பாத்திரத்தில் மிச்சம் இருந்தது.

"தனி ஆளுக்கு இவ்ளோவா?" என்றான் ஞானதாஸ், குழம்பை ஊற்றிக்கொண்டே.

"அதான் தெனம் பேஜாரு. அவரு இருந்தப்போ சின்ன டம்ளர்ல ரெண்டு போடுவேன். ஊருக்குப் போயி வந்து பார்த்தா அந்த டம்ளரக் காணோம். இப்ப அவரு மோர் குடிக்கிற பெரிய டம்ளர்தான். ஒண்ணுதான போடறேன், ரெண்டு ஒண்ணாத்தான ஆச்சின்னு பார்த்தா, சோறு அதே சோறுதான்."

வரலட்சுமியின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"திரும்பச் சொல்லுங்கம்மா."

"டம்ளரு பெருசு. அதான் எண்ணிக்கை கொறஞ்சிது. அரிசி எங்க கொறஞ்சிது?"

வரலட்சுமி இடது கையால் போனை எடுத்துப் பிரதீபாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். "பிரதீபா, இப்ப உண்மையைச் சொல்லுங்க. பிப்ரவரிக்கு அப்புறம் பதினேழாம் நம்பர் டியூபுல இருந்தது யாரோடது?"

"அவரோடதுதான் மேடம். ஜனவரியில வாங்கினது. ஒரு பாட்டிலைப் பத்து டியூபாப் பிரிச்சு ஃப்ரீசர்ல வைப்போம். பிப்ரவரியில 'வீடு பூட்டு'ன்னு எழுதி வந்துது. தட்டுல ஒரு இடம் காலியா இருந்தா மெஷின் பாதியில நின்னுடும். அதனால பழைய டியூப் ஒண்ணை எடுத்து வச்சேன். குறிப்பு எழுதணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். அடுத்தடுத்த மாசமும் வீடு பூட்டுன்னே வந்துது, அப்பவும் அதையே வச்சேன். அப்புறம் சொல்லப் பயமாயிடுச்சு."

"அது தப்பு. அதுக்குத் திட்டு வாங்கிக்குங்க. ஆனா அதே ஜனவரிச் சிறுநீர்தான் ஜூன்ல பாதியா இறங்கியிருக்கு, இல்லையா?"

"ஆமா மேடம். எனக்கும் அது புரியலை."

ஞானதாஸ் கையை நக்கிக்கொண்டே கேட்டான்: "ஃப்ரீசர்ல குந்தினு இருந்த மூத்திரத்துக்கு மாத்திரை குடுத்தது யாரு?"

"யாரும் கொடுக்கலை. அதுதான் விஷயம்" என்றாள் வரலட்சுமி. "பதினேழு இறங்கவே இல்லை. நாற்பது பேருமே இறங்கலை. அளக்கற டம்ளர்தான் பெருத்திருக்கு. பிரதீபா, உங்க நூறு யாரு? ஆரோக்கியமான ஆள்னு யாரை வச்சிருக்கீங்க?"

"ராகவன் சார் மேடம். கல்பாக்கத்துல கருவிகளைச் சரிபார்க்கற பிரிவுல முப்பது வருஷம் இருந்தவர். ரிட்டையர் ஆகி எங்க மெஷினை இலவசமாப் பார்த்துக்கறார். முன்னாடி இருபது பேரோடதைக் கலந்து வச்சிருந்தோம். டிசம்பர் புயல்ல ரெண்டு நாள் கரண்ட் இல்லாம எல்லாம் வீணாயிடுச்சு. ஜனவரி பதினஞ்சு, பொங்கல் அன்னிக்கு மெஷினை ஓட்டியாகணும். எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. போகாம இருந்தவர் அவர் ஒருத்தர்தான். 'எனக்கு ஒரு மாத்திரை கிடையாதும்மா, என்னுதை எடுத்துக்கோ'ன்னார். அப்புறம் மாசாமாசம் அதுவே பழக்கமாயிடுச்சு. தவறாம பதினஞ்சாம் தேதி காலையில புதுசாக் கொண்டு வந்து கொடுத்துடுவார்."

"அவரோட ஜனவரி டியூப் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அதையும் ஜூன் டியூபையும் பக்கத்துல பக்கத்துல வச்சு உடனே ஓட்டுங்க. முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணுங்க."

ராகவன் வீட்டுக்குப் போக, வேன் செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியது. தெய்வநாயகியிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் குரல் உயர்ந்தது. "அப்போ ராகவன் சார் தன் பாட்டில்ல எதையாவது கலந்திருக்கார்! நூறு ஏறினா நோயாளிங்க எண்ணெல்லாம் இறங்கும். மாத்திரை கம்பெனிக்காரன் அவரைப் பிடிச்சிருக்கான். சூடோயூரிடின் பொடியாவே கடையில கிடைக்குதே!"

வரலட்சுமிக்கும் அப்படித்தான் தோன்றியது. எல்லாரும் நம்புகிற ஆள், இலவசமாக வேலை செய்கிற ஆள், பண்டிகைக்குக்கூட லீவு எடுக்காத ஆள். அவள் பிடித்த மோசடிக்காரர்களில் பாதிப் பேர் லீவே எடுக்காதவர்கள்தான். லீவு எடுத்தால் வேறு யாராவது வந்து அலமாரியைத் திறந்துவிடுவார்கள்.

"எல்லாரையும் சந்தேகப்படுறீங்களே மேடம், எனுக்கு ஒரு டவுட்டு" என்றான் ஞானதாஸ். "பொங்கலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"தனியாவா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். வரலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அவளுடைய போன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. அது அவளே வைத்திருந்த அலாரம்.

பூஞ்சேரி சந்திப்பில் பிரதீபா கூப்பிட்டாள். மணி மூன்று.

"மேடம், நீங்க சொன்னது சரி. ஜூன் டியூப் ஜனவரியைப் போல ரெண்டு மடங்கு இருக்கு."

"கலந்திருக்காரா?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். கலந்தா சூடோயூரிடின் மட்டும்தானே ஏறும்? பன்னிரண்டுமே ஏறியிருக்கு மேடம். அதுல நாலைஞ்சு எந்தக் கடையிலயும் கிடைக்காது. நடுவுல இருக்கற மாசங்களையும் ஓட்டினேன், பிப்ரவரியில கொஞ்சம், மார்ச்ல இன்னும் கொஞ்சம்னு படிப்படியா ஏறிட்டு வந்திருக்கு. இப்படிச் செய்ய ஒரு ஆளால முடியாது. உடம்பாலதான் முடியும்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வரலட்சுமி போனை மடியில் வைத்துக்கொண்டாள். குற்றவாளியைப் பிடிக்கக் கிளம்பியவள், கையில் ஒரு நோயாளியோடு நின்றாள். அந்த நோயாளிக்கே அது தெரியாது.

"இன்னா மேடம்?"

"திருடனும் இல்லை, திருட்டும் இல்லை ஞானதாஸ். அந்த மனுஷனுக்கு உடம்பு சரியில்லை."

ஞானதாஸ் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

தேவனேரியில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, வெள்ளை அடித்த சின்ன வீடு. ராகவன் கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் வரலட்சுமியைச் சங்கடப்படுத்தியது. யார், எதற்கு என்று கேட்கக்கூட இல்லை. "உள்ள வாங்க, உள்ள வாங்க. டீயா, காபியா?" என்றுதான் கேட்டார். அறுபத்து நான்கு வயது. நேராக வாரிய தலை. பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகள். கையைத் தூக்கி அலமாரியில் கப்பை எடுத்தபோது வாட்ச் முழங்கை வரை வழுக்கிப் போயிற்று.

"இளைச்சிருக்கீங்களா சார்?"

"எல்லாரும் கேக்கறாங்க. லேப்லகூட 'டயட்டா சார்?'னாங்க. தனியாச் சமைச்சா யாருக்கும்மா பசிக்கும்? எங்க டிபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப். முப்பது வருஷம் ஒரு குறை கிடையாது. ரிட்டையர் ஆன பிறகு யாரும் கூப்பிடலை, நானும் போகலை." டீயை நீட்டினார். "பையன் ஆதித்யா கனடாவுல இருக்கான். ஞாயித்துக்கிழமை பேசுவான். முடிஞ்சா."

வரலட்சுமி வரும்போதே எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள். நான்கும் மறந்துபோயின. பொய்யர்களிடம் உண்மையைக் கறக்க அவளுக்குத் தெரியும். நல்ல மனிதரிடம் உண்மையைக் கொடுப்பது எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

"பிரதீபாவுக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்கு வேலை போகப் போகுது சார். எண்களைப் பொய்யா எழுதினான்னு."

ராகவன் கப்பை வைத்தார். "அந்தப் பொண்ணா? சான்ஸே இல்லை. என்ன எண்?"

அவள் சொன்னாள். நாற்பது பேர், ஆறு மாதம், எல்லாருக்கும் ஏறக்குறையப் பாதி. ஃப்ரீசரில் இருந்த பதினேழாம் நம்பருக்கும் பாதி.

ராகவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாட்காட்டியிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். "இதுல என்னம்மா இருக்கு? எங்க வேலையில முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது இது. ஒரு மீட்டர் தப்பாக் காட்டினா மீட்டரைச் சந்தேகப்படு. நாற்பது மீட்டரும் சேர்ந்தாப்புல ஒரே பக்கம் போனா, மீட்டரைத் தொடாதே. எதை வச்சு எல்லாத்தையும் சரிபார்த்தியோ, அந்த ஒண்ணைக் கையில எடு. அதுதான் மாறியிருக்கும். இருநூத்திப் பத்து நூத்தி அஞ்சு ஆகணும்னா, அந்த ஒண்ணு ரெண்டு மடங்கு ஆகியிருக்கணும். அது என்னன்னு பார்த்தா..."

பென்சில் நின்றது.

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். ஞானதாஸ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரலட்சுமி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு பக்கம் திரும்புவது அவருக்குச் செய்கிற துரோகம் என்று தோன்றியது.

ராகவன் கணக்கை மறுபடி ஒருமுறை போட்டார். அதே விடைதான் வந்தது.

"ஜனவரி டியூபையும் ஜூன் டியூபையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு சார். ரெண்டு மடங்கு."

"ஒண்ணு மட்டுமா, எல்லாமா?"

"பன்னிரண்டும்."

"ம்" என்றார். தாளை நாலாக மடித்துக்கொண்டே, "அப்போ அந்த நாற்பது பேர்ல ஒருத்தரும் தேறலை. மாத்திரை வேலை செய்யலை. நல்லா இருக்கோம்னு நெனச்சுட்டு டாக்டரைப் பார்க்காம இருப்பாங்க. அதை முதல்ல நிறுத்தணும்" என்று எழுந்தார்.

"சார், உங்களுக்கு..."

"அது அப்புறம். மணி நாலு ஆகப் போகுது. அந்தப் பொண்ணுக்கு அஞ்சு மணிக்குத்தானே? வண்டி இருக்கில்ல?" இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பி மெதுவாகக் கேட்டார்: "அடுத்த பதினஞ்சாம் தேதிக்கு இனிமே நான் வரவேண்டாம், இல்லையா?"

வரலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தேதி ஒன்றுதான் மாதத்தில் யாரோ அவருக்காகக் காத்திருக்கிற நாள்.

கமிட்டி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரதீபா நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. மணி ஐந்தடிக்க எட்டு நிமிடம் இருந்தபோது ராகவன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நாட்காட்டித் தாளை மேஜையில் வைத்தார்.

"இந்தப் பொண்ணு அளந்ததுல ஒரு எண்கூடத் தப்பில்லை. அந்தப் பழைய டியூபை வச்சதைச் சொல்லியிருக்கணும், சொல்லலை. அது தப்புதான். ஆனா அந்த டியூப் மட்டும் இல்லைன்னா இது இன்னும் ரெண்டு வருஷத்துக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அளவு சரி. அளவுகோல்தான் சரியில்லை. அந்த அளவுகோல் நான்."

தெய்வநாயகி தாளைப் பார்த்தார். பிறகு ராகவனின் பெல்ட்டைப் பார்த்தார். இத்தனை மாதம் வாரத்துக்கு மூன்று முறை எதிரே நடந்து போன மனிதரை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று வரலட்சுமிக்குத் தெரிந்தது. கமிட்டி பத்து நிமிடத்தில் முடிந்தது. பிரதீபாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி முப்பத்தொன்பது பேருக்கும் அன்றைக்கே போன். தெய்வநாயகி கைகளைப் பிசைந்துகொண்டு, "சார், நாங்க..." என்று ஆரம்பித்தார்.

"பரவாயில்லைம்மா. நாளைக்கு நானே பஸ் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ராகவன் வெளியே வந்தார். பிரதீபா வராந்தாவில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாசாமாசம் உங்களை முதல்ல அளந்தேன் சார். உங்க பேருக்கு நேரா நூறுன்னு ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கும். அதனால உள்ள என்ன எண் இருக்குன்னு திறந்து பார்க்கவே இல்லை. நாற்பது பேரையும் பார்த்தேன். உங்களைப் பார்க்கலை."

"உன் தப்பில்லைம்மா. நூறை யாரும் திறந்து பார்க்கறதில்லை. நானே பார்த்துக்கலையே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். இரண்டு நிமிடத்தில் தோளில் பையோடு திரும்பி வந்தாள்.

"நாளைக்கு இல்லை சார். இப்பவே போறோம்."

"உனக்கு வேலை இருக்கேம்மா."

"இருக்கு சார். அதனாலதான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

ராகவன் அவள் தலையில் கையை வைத்தார். வாட்ச் மறுபடி முழங்கை வரை இறங்கிற்று. ஞானதாஸ் வேன் கதவை இழுத்துத் திறந்து, "முன்னாடி குந்துங்க சார், பின்சீட்டு ஆட்டும்" என்றான். வரலட்சுமி தன் வழக்கமான முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பிரதீபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.